ஒரே பொருள், பல நிறம்

"புது டிவி பெட்டியில் 'கியூஎல்இடி' என்று போட்டிருக்கிறது. அந்த 'கியூ' எதற்கு?" நம் மலேசியாவின் ஜெஞ்சாரோம் ஊர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குவாண்டம் புள்ளி என்று ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேட்மியம் செலினைடு ஒரு குறைக்கடத்தி. அதை 6 நானோமீட்டர் படிகமாக்கிப் புறஊதா ஒளியில் காட்டினால் சிவப்பாக ஒளிரும். 3 நானோமீட்டர் என்றால் பச்சை. 2 என்றால் நீலம். இப்படிப்பட்ட நுண்படிகம்தான் குவாண்டம் புள்ளி. சாயம் எதுவும் சேர்க்கவில்லை. படிகம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் எலக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகிறது. அது தாண்டவேண்டிய ஆற்றல் இடைவெளி அகலமாகிறது. மேலேறிய எலக்ட்ரான் இறங்கும்போது கூடுதல் ஆற்றலை ஒளியாக விடுவதால் நிறம் நீலத்தின் பக்கம் நகர்கிறது. சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் கேட்ட நாதஸ்வரம்தான் எனக்கு நினைவு வரும்: குட்டையான திமிரியில் சுருதி ஏறும், நீளமான பாரியில் இறங்கும்.

1980களின் தொடக்கத்தில் எகிமோவ் என்ற விஞ்ஞானி கண்ணாடிக்குள்ளும், புரூஸ் என்ற விஞ்ஞானி கரைசலிலும் இந்த விளைவைக் கண்டார்கள். படிகங்களை ஒரே அளவில் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. 1993இல் பவெண்டி என்ற விஞ்ஞானியின் குழுவினர் அதற்கு வழி கண்டார்கள். சூடான கரைப்பானில் மூலப்பொருள்களை ஊசியால் சட்டென்று பீய்ச்சினார்கள். கோடிக்கணக்கான படிக விதைகள் ஒரே நேரத்தில் பிறந்தன. வெப்பம் தணிந்ததும் புது விதை பிறப்பது நின்றது. பிறகு மெல்லச் சூடேற்றினால் எல்லாம் சேர்ந்து வளரும். குடுவையிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் எடுத்துப் புறஊதா விளக்கில் பிடித்தால், முதலில் பச்சை, அடுத்து மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. அடுப்பை எப்போது அணைக்கிறோமோ, அதுதான் நிறம்! மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

உங்கள் டிவியில் பின்னால் எரிவது நீல விளக்கு. அதன் ஒளியில் ஒரு பகுதியைப் புள்ளிகள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகின்றன.

கேட்மியம் நஞ்சு. அதனால் பல நிறுவனங்கள் இண்டியம் பாஸ்பைடுக்கு மாறிவிட்டன; எல்லாரும் மாறவில்லை. ஆகவே பழைய டிவியைக் கழிக்கும்போது கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குச் சீனா 2018இல் கதவடைத்த பிறகு, ஜெஞ்சாரோமில் கள்ளத் தொழிற்சாலைகள் முளைத்ததும், இரவில் எரித்த புகையில் குடும்பங்கள் மூச்சுத் திணறியதும், 17,000 டன் குப்பை தேங்கியதும் உங்களுக்கே தெரியும். இவ்வளவு நுட்பமாகச் செய்த பொருளையும் அப்படி எரிக்க விடுவது அநியாயம். நம் நாட்டுச் சட்டத்தில் மின்னியல் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற அட்டவணைக் கழிவு. பழைய டிவியை, பழைய செய்தித்தாள் வாங்க வரும் 'சுராட் கபார் லாமா' லோரியில் ஏற்றிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.