பவளப் பாறைக்குக் காவல் வேண்டும். பாசி எடுக்கும் கைக்கு விலங்கு வேண்டாம்!

"காரைக்குடியிலே கடல் இல்லை. கடலுக்கடியில் கிடக்கும் பாறைக்காக நாம் ஏன் தொண்டை கிழியப் பேச வேண்டும்?" கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். கேட்டவர் கொத்தனார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் எந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார் தெரியுமா? பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவர். கை வைத்தால் வழுக்கும் பூச்சு. கடுக்காய் சேர்ந்தது, முட்டை வெள்ளைக்கரு சேர்ந்தது என்று பெருமை பேசுகிறோமே, அதற்கெல்லாம் அடிப்படை எது? கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்தெடுத்த சுண்ணாம்பு! கடல் இல்லாத ஊரிலே கடல் சுவரேறி நிற்கிறது, தோழர்களே! அரைத்தவன் பெயரும் பூசியவன் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அது வேறு கதை.

கிளிஞ்சலாவது செத்த உயிரின் ஓடு. அலை கொண்டுவந்து கரையில் போடுவதை அள்ளினார்கள். அதே சுண்ணாம்புக்காக மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உயிருள்ள பாறையையே பெயர்த்தெடுத்தார்களே, அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

மீனவர் அதைப் 'பார்' என்பார். யாழ்ப்பாணத்தார் முருகைக்கல் என்பார்கள். பெயர்தான் கல், உண்மையில் அது உயிர்க்கூட்டம். சின்னஞ்சிறு பிராணி ஒன்று, கடல்நீரில் கரைந்து கிடக்கும் சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தனக்கு வீடு கட்டுகிறது. அதன் உடம்புக்குள்ளே நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலை வாங்கிச் சமைத்து வீட்டுக்காரனுக்கு ஊட்டுகிறது. இப்படி இரண்டு ஏழைகள் கூடி உழைத்தும், உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் பெரிது. ஆள் உயரத்துக்கு ஒரு பார் நின்றால் அதற்கு வயது நூறு, இருநூறு! அந்த இடுக்குகளில்தான் மீன் முட்டையிடுகிறது, குஞ்சு ஒளிகிறது. அலையின் வேகத்தைத் தாங்கித் தீவையும் கரையையும் காப்பதும் அதுவே.

இதைக் கடப்பாரையால் பெயர்க்க எத்தனை நேரம் பிடிக்கும்? ஒரு பகல் போதும். 1970களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் போட்ட கணக்கின்படி, மன்னார் வளைகுடாவில் ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று; சிமெண்டுக்கும் கார்பைடுக்கும் போயிற்று. முங்கிப் பெயர்த்த கூலிக்காரனுக்குக் கிடைத்தது அன்றைய கஞ்சி. லாபம் போன இடம் நமக்குத் தெரியாததா? தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையிலிருந்த 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்குள் கிடக்கின்றன. அரணைப் பெயர்த்தெடுத்தால் மணல்மேடு எப்படி நிற்கும்?

ஆகவே காவல் வேண்டும். 1986-இல் இந்த 21 தீவுகளையும் சுற்றுக்கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. யானைக்கும் புலிக்கும் உள்ள காப்பு அதற்கும் வந்தது. சுனாமிக்குப் பின், 2005-இல் கல் வெட்டுவது நின்றது. பலன் கண்ணெதிரே தெரிந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் அளந்தபோது, உயிர்ப்பவளத்தின் பரப்பு 2005-இல் ஏறத்தாழ 37 சதவீதம், 2009-இல் 43. கையை எடுத்தால் போதும், கடல் தானே எழுந்துகொள்கிறது!

பிறகு 2010-இலும் 2016-இலும் கடல் கொதித்தது. சூடு ஏறினால் உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறுகிறது. பவளம் வெளுத்துப் பட்டினியால் சாகிறது. 2016-இல் அந்தப் பரப்பு 23 சதவீதத்துக்கு விழுந்தது. இந்தச் சூட்டை மூட்டியவர் யார்? பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்திலே கஞ்சி காய்ச்சும் தாயின் அடுப்பா? உலகத்துப் பெருமுதலாளிகளின் எண்ணெயும் நிலக்கரியும் மூட்டிய நெருப்பு அது. ஆனால் சட்டத்தின் கை யார் தோளில் விழுந்தது தெரியுமா? அந்தத் தாயின் தோளில்!

ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். விரலில் துணி சுற்றி, பாறை கிழிக்கும் காலோடு, மூச்சடக்கி எடுக்கிறார்கள். நகரத்தான் தின்னும் ஐஸ்கிரீமிலும் அவர்கள் எடுத்த பாசி இருக்கிறது. பூங்கா வந்ததும் அவர்கள் தொழில் குற்றமாயிற்று. காவல் இறுக இறுக விரட்டும் அபராதமும் வந்தன. அவர்கள் என்ன செய்தார்கள்? பாரைச் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மற்ற நாளெல்லாம் பாசி வளர விடுவது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்தார்கள்! சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. அமெரிக்கா பாராட்டிய கையை இங்கே விரட்டினார்கள்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். வெளிநாட்டுப் பாசியொன்றை ஆராய்ச்சி என்று கொண்டுவந்து, பின்னர் ஒரு குளிர்பானக் கம்பெனியின் பணத்தில் இந்தக் கரையில் பயிரிட்டார்கள். 2008-இல் அது குருசடைத் தீவின் உயிர்ப்பவளத்தின்மேல் ஏறிப் படர்ந்து மூச்சை அடைப்பதைக் கண்டார்கள். விரட்டு அவளுக்கு, விருந்து இவனுக்கு!

இதற்காகப் பூங்காவையே கலைத்துவிட வேண்டுமா? கூடவே கூடாது. கலைத்தால் முதலில் வருவது கடப்பாரை. அடுத்தது இழுவை மடி. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகுக்கு இடமில்லை என்கிறது. அந்தக் கோட்டை ஒழுங்காகக் காத்தாலே பாதிப் பார் பிழைக்கும். (விசைப்படகில் மடி இழுப்பவனும் கூலிதான். நம் கோபம் அவன்மேல் அல்ல.)

பிலிப்பைன்ஸ் நாட்டிலே ஆப்போ என்றொரு சின்னத் தீவு. 1982-இல் அங்குள்ள மீனவர்கள் தங்கள் பாரில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாங்களே ஒதுக்கி, யாரும் மடி போடாமல் காவல் நின்றார்கள். ஒதுக்கிய இடத்தில் மீன் பெருகிற்று. வெளியிலும் வலை நிறைந்தது. ஆண்டுகள் பிடித்தன, உண்மை. ஆனால் அங்கே கோடு போட்டவர்களே காவல்காரர்களாகவும் இருந்தார்கள்.

நம் சட்டத்திலும் அதற்குக் கதவு உண்டு. தேசியப் பூங்கா என்றால் மக்களின் உரிமை முடிந்தது என்று பொருள். 2002-இல் செய்த திருத்தத்தில் 'பாதுகாப்புக் காப்பகம்' என்றொரு வகை வந்தது. அதை அறிவிக்குமுன் உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும். ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது இந்த வகையில்தான். நாட்டிலேயே கடற்பசுவுக்கென முதல் காப்பகம். நம் எல்லைக்கு அடுத்த மாவட்டத்திலே!

கடற்பசுவுக்குக் கிடைத்த நீதி பவளத் தீவுக் கரையின் பெண்களுக்கு ஏன் கிடையாது? பூங்காவின் காவல் அப்படியே இருக்கட்டும். அந்த 12 நாள் கட்டுப்பாட்டை எழுத்தில் ஏற்று அடையாள அட்டை கொடுக்கட்டும். நிர்வாகத்தில் பாசி எடுக்கும் பெண்ணுக்கு நாற்காலி போடட்டும். இதைத் தீர்மானமாகப் போட நமக்குக் கடல் வேண்டுமா? தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நம் ஊரிலிருந்து அங்கே போகிறார்கள். தொழிலாளிக்காகவும் நாலு பேர் போகலாமே!

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் பாசி எடுக்கப் போவார்கள். அந்த நாளில் போனால் கரையில் ஆள் இருக்காது. இடைப்பட்ட நாளாகப் பார்த்துப் போங்கள். கொத்தனார் தோழர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.