நந்தனை வாசித்தவர்கள்

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு நாற்பதுக்கும் குறைவான பாடல்களில் முடிந்துவிடுகிறது. ஆதனூர்ச் சேரியில் பிறந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்கிறார். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று காணும்படி நந்தி விலகுகிறது. தில்லையிலோ எதுவும் விலகவில்லை. இறைவன் கனவில் தோன்றி, நந்தனாரைத் தீயில் மூழ்கி வரச் சொல்கிறான். அந்தணர்களைத் தீ அமைக்கச் சொல்கிறான். தெற்கு மதிலின் வாயிலுக்கு முன் மூட்டிய தீயில் புகுந்த நந்தனார், பூணூலும் சடையும் தாங்கிய முனிவராக எழுந்து, அம்பலத்துள் சென்று மறைகிறார்.

பக்தராக வாசிப்பவருக்கு இது முத்தி. சேரியில் பிறந்து கல்லூரி வகுப்பறையில் இதே பாடல்களைக் கேட்கும் மாணவருக்கு வேறொரு கேள்வி எழுகிறது: திருப்புன்கூரில் கல் நந்தியையே நகர்த்திய இறைவன், தில்லையில் ஏன் நந்தனின் உடலை மாற்ற வேண்டியிருந்தது? இக்கேள்வி வெளியிலிருந்து பிரதியின்மேல் திணிக்கப்பட்டதன்று. இரண்டு தலங்களையும் அருகருகே வைத்தவர் சேக்கிழார்தான். பிரதி ஒன்றே, எந்த இடத்தில் நின்று யோசிப்பது என்பதை வாசகரின் வாழ்வு தீர்மானிக்கிறது.

சேக்கிழாரும் ஒரு வாசகரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் இருப்பது ஏறத்தாழ ஒரு பெயர் மட்டும். தீ இல்லை, பூணூல் இல்லை. நம்பியாண்டார் நம்பி ஒரு பாடலில் சற்றே விரித்ததை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் முழுக்கதையாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில், நந்தனைத் தில்லைக்கு விடாமல் தடுக்கும் நிலக்கிழாராகிய வேதியரைப் படைத்தார். பெரியபுராணத்தில் அப்படியொரு பாத்திரமே இல்லை. தஞ்சை வட்டாரத்துப் பண்ணையடிமை முறையைக் கண்ட ஒருவருக்கு, பண்ணையார் இல்லாத நந்தன் கதை முழுமையற்றதாகத் தோன்றியிருக்கலாம். மக்கள் நாவில் நிலைத்ததும் அந்த வேதியர்தான்.

அயோத்திதாசப் பண்டிதர் இன்னும் தொலைவு சென்றார். அவர் வாசிப்பில் நந்தன் பண்ணையாள் அல்லன். வேஷப் பிராமணர்களின் சூழ்ச்சிக்குப் பலியான பௌத்த மன்னன். இதைக் கல்வெட்டுச் சான்றோடு நிறுவப்பட்ட வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் தீயில் மறைந்த ஓர் உடலைப் பற்றிய கதையில் கொலையின் தடயத்தைத் தேடிய வாசிப்பு என்ற வகையில் அதன் வலு குறையவில்லை. அம்பேத்கரோ, 1948இல் வெளியான ‘தீண்டப்படாதார்’ நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு உரித்தாக்கியபோது, பக்தியாலும் ஒழுக்கத்தாலும் அனைவரின் மதிப்பையும் பெற்ற துறவிகளாகவே அவர்களைக் குறிப்பிட்டார். ஒரே விடுதலை மரபின் இரு பெரும் வாசகர்கள் கண்ட நந்தன்கள் இருவர். தலித் வாசிப்பு என்றால் ஒரே முடிவு என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எனில், எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாமா? கூடாது. நந்தன் தீயில் இறந்தான் என்று சேக்கிழார் எழுதியதாகச் சொன்னால் அது பிழை. சேக்கிழார் சொன்னதை ஏற்காமல், அவர் கதையே மறைக்கும் ஒன்றைச் சுட்டுகிறேன் என்றால் அது வாசிப்பு. எதைச் சுட்டுகிறோம் என்பதைப் பாடலைக் காட்டித்தான் விளக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதே சிக்கல். திருக்குறளில் மனுவின் பெயர் எங்கும் இல்லை. அறம் என்பது மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்தல் என்று பரிமேலழகர் உரைத்தார். அது ‘உரை’ எனப் பாடத்திட்டத்தில் அமர்ந்தது. அயோத்திதாசர் குறளைப் பௌத்த நூலாக வாசித்தது மட்டும் ‘வலிந்து பொருள் கொள்ளல்’ ஆயிற்று. முன்னவரும் தம் காலத்துச் சமய, சாதி நிலையில் நின்று வாசித்தவரே.

சிதம்பரத்தில், நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாயிலைத் திறக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்துள்ளன. அவர்கள் கையிலிருந்ததும் அதே பெரியபுராணம்தான்.