உங்களுக்குத் தெரியுமா? நீருக்கடியில் ஓடும் ஸ்கூட்டர்

முகையூரிலிருந்து விழுப்புரம் வழியாகப் போனால் புதுச்சேரிக் கடற்கரை 60, 70 கிலோமீட்டர்தான். அங்கே படகேறி, முதுகில் சிலிண்டர் மாட்டி, ஒருமுறை ஸ்கூபா டைவிங் போய்வந்தவருக்கு அடுத்து வரும் ஆசை அண்டர்வாட்டர் ஸ்கூட்டர். பேட்டரி, மோட்டார், கூண்டுக்குள் ஒரு புரொபெல்லர், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் வண்டி. பொம்மை விலையிலும் கிடைக்கிறது, கார் விலையிலும் கிடைக்கிறது. விற்கிறவர் முதலில் சொல்வது வேகத்தைத்தான். வாங்குகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதையேதான்.

● காலில் ஃபின் போட்ட டைவர் அலட்டிக்கொள்ளாமல் நீந்தினால் நிமிடத்துக்கு 15, 20 மீட்டர் போவார். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் சிறிய ஸ்கூட்டர் அதே நேரத்தில் 60 மீட்டர் இழுத்துப்போகும். ஆனால் சிலிண்டர், ஜாக்கெட், எடைக்கட்டி எல்லாம் மாட்டிய உடம்பை இழுக்கும்போது விளம்பரத்தில் போட்ட வேகம் வராது.

● தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் வேகத்தை இரட்டிப்பாக்க மோட்டாருக்கு இரண்டு மடங்கு சக்தி போதாது, எட்டு மடங்கு வேண்டும். அரை வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும் பேட்டரி, முழு வேகத்தில் எட்டு நிமிடத்திலேயே காலியாகிவிடும் என்கிறது கணக்கு. நடைமுறையில் இத்தனை மோசமாக இராது என்றாலும் போக்கு இதுதான். பெட்டியில் "60 நிமிடம்" என்று அச்சிட்டிருந்தால், அது எந்த வேகத்தில் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கடையில் வாங்காதீர்கள்.

● மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் நீந்தி இறங்கிக் களைத்துப்போகவில்லை. கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் வைத்து நின்றார்கள். கல் அவர்களைக் கீழே கொண்டுபோனது, படகில் இருந்தவர் கயிற்றை இழுத்து மேலே ஏற்றினார். மூச்சும் தெம்பும் சிப்பி பொறுக்க மிச்சமாயின. ஸ்கூட்டர் செய்வதும் இதே வேலைதான். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது.

● உங்கள் கழனிக் கிணற்றில் அசையாமல் நிற்கும் ஸ்கூட்டர், புதுச்சேரிக் கடலில் மிதக்கும். காரணம் உப்பு. கடல்நீர் கிணற்று நீரைவிட இரண்டு, மூன்று சதவீதம் கனம். 20 லிட்டர் பருமனுள்ள பெரிய ஸ்கூட்டரைக் கடல் ஏறக்குறைய அரைக் கிலோ கூடுதலாக மேலே தள்ளும். கேட்க அற்பமாகத் தோன்றும். 40 நிமிடம் அதைக் கீழே அழுத்திப் பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் சிறுசிறு எடைகளைச் சேர்க்கவும் கழற்றவும் இடம் வைத்திருப்பார்கள். கைவிட்டால் மேலே பறந்துவிடவும் கூடாது, அடியில் போய் உட்காரவும் கூடாது. விட்ட இடத்தில் தொங்க வேண்டும். அந்தச் சமநிலை கிடைக்காத வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் எனக்கு வேண்டாம். (கிணற்றில் சோதித்துப் பார்ப்பவர்கள் பம்ப்செட் மெயினை அணைத்துவிட்டு, ஸ்கூட்டரை மட்டும் கயிறு கட்டி இறக்கவும். கூடவே நீங்களும் இறங்க வேண்டாம்.)

● செல்போனில் பார்த்துப் பழகிய "ஐபி68" முத்திரையை ஸ்கூட்டரிலும் போடுகிறார்கள். ஒரு மீட்டருக்குமேல் தாங்கும் என்பதற்கான முத்திரை அது. எத்தனை மீட்டர் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். நீச்சல்குளத்துக்கானவை சில 5, 10 மீட்டரோடு நின்றுவிடும். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்றவருக்கு 18 மீட்டர் வரை அனுமதி, அட்வான்ஸ்டு முடித்தவருக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40. வண்டியின் ஆழம் உங்கள் சான்றிதழின் ஆழத்தைவிடத் தாராளமாக இருக்கட்டும்.

● மேலே ஏறும்போது நிமிடத்துக்கு 9, 10 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது டைவிங் பாடம். நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் ஸ்கூட்டரின் மூக்கை மேல்நோக்கித் திருப்பினால் நிமிடத்துக்கு 90 மீட்டர்! 18 மீட்டர் ஆழத்திலிருந்து 12 நொடியில் வெளியே வந்துவிடுவீர்கள். அந்த ஆழத்தில் நுரையீரலில் நிரப்பிய காற்று மேலே வரும்போது ஏறக்குறைய 2.8 மடங்கு விரியும். மூச்சை அடக்கியபடி வந்தால் நுரையீரல் கிழியும். ஏறும்போது மோட்டாரை அணைத்துவிட்டு ஃபின்னை நம்புங்கள்.

● 1941 டிசம்பரில் 6 இத்தாலிய வீரர்கள், ஆள் ஏறி ஓட்டும் 3 டார்பிடோக்களில் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்குள் புகுந்து, குயின் எலிசபெத், வேலியன்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கினார்கள். இன்றைய ஸ்கூட்டரின் பெரியப்பா அதுதான். பொதுமக்களுக்கு ஆசை காட்டியது 1965-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் "தண்டர்பால்".

● இரண்டு கையாலும் பிடிக்கும் சின்ன வகை 3, 4 கிலோ இருக்கும். பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோகலாம். பலவற்றில் இரண்டு பட்டன்களையும் அழுத்தினால்தான் ஓடும். கை எடுத்தால் நின்றுவிடும். நல்ல பாதுகாப்பு. ஆனால் ஜாக்கெட்டில் காற்று ஏற்றவோ மூக்கைப் பிடித்துக் காது அடைப்பு எடுக்கவோ ஒரு கை வேண்டுமே? ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தியாக வேண்டும். பெரிய வகை அப்படியில்லை. அதன் கயிற்றை இடுப்புக்குக் கீழே ஓடும் வாரின் வளையத்தில் மாட்டுவார்கள். இழுவை உடம்புக்குப் போகும், ஒரு கையால் திசை திருப்பினால் போதும். எடைதான் 20 கிலோவையும் தாண்டும். அலையில் ஆடும் படகிலிருந்து அதை இறக்கி ஏற்ற இன்னொருவர் வேண்டும்.

● தச்சர் வைத்திருக்கும் கார்ட்லெஸ் டிரில் மெஷினின் பேட்டரியிலேயே ஓடும் ஸ்கூட்டரும் உண்டு. அமெரிக்காவின் டைவ் எக்ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் "பிளாக்டிப்" அப்படிப்பட்டது. பேட்டரி செத்தால் ஹார்டுவேர் கடையில் மாற்று கிடைக்கும் என்பது நம் ஊருக்கு ஏற்ற யோசனை.

● பழைய வகை லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். மூடியைக் கழற்றாமல் சார்ஜ் போட்டால் ஸ்கூட்டர் வெடிக்கக்கூடும். மூடும்போது ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.

● புதுச்சேரிக்கு எதிரே "டெம்பிள் ரீஃப்" என்ற செயற்கைத் திட்டு இருக்கிறது. கான்கிரீட், பாறை, இரும்பு எல்லாம் போட்டு உருவாக்கியது, ஆழம் 18 மீட்டர் அளவில். மீன் பார்க்கப் போகிறவருக்கு அங்கே ஸ்கூட்டர் தேவையே இல்லை என்பேன். ஃபின் அடித்தே சுற்றிவிடலாம். புரொபெல்லர் கிளப்பும் மணலில் மீனும் தெரியாது, பின்னால் வருகிற நண்பர் உங்களைத் திட்டுவார். நீளமான பாறைச்சுவர்களை ஒட்டிப் போகிறவருக்கும், நீரோட்டத்தை எதிர்க்கிறவருக்கும்தான் அது உதவும்.

● நம் கிழக்குக் கடலோர நீரோட்டம் ஆண்டுக்குள்ளேயே திசை மாறும். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. நீரோட்டத்தோடு சேர்ந்து போய், எதிர்த்துத் திரும்பலாம் என்று திட்டமிடாதீர்கள். பாதியில் பேட்டரி போனால் நீந்தித்தான் வர வேண்டும், அந்த நேரத்தில் காற்றும் தீர்ந்துகொண்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு பேட்டரி போக, ஒரு பங்கு வர, மிச்சம் கையிருப்பு என்பது அனுபவசாலிகளின் கணக்கு. பத்து நிமிடத்தில் ஸ்கூட்டர் கொண்டுபோய் விட்ட தூரத்தை நீந்திக் கடக்க அரை மணிக்குமேல் ஆகும்.

● மீன்பிடிக் கடலில் அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் எங்கும் கிடக்கும். புரொபெல்லரில் சுற்றிக்கொண்டால் முதலில் மோட்டாரை அணைக்க வேண்டும், பிறகுதான் கத்தி. டிரிகர் சிக்கி மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அதை எப்படி நிறுத்துவது என்பதையும் கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

● சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறீர்களா? வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர். 11.1 வோல்ட், 11 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 122. லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை இருந்தால் கைப்பையில் கொண்டுவரலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டுக்குமேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணி மூட்டையில் இடமே இல்லை. பேட்டரியைத் தனியே கழற்ற முடிகிற மாடலா என்று கேட்டுவிட்டு மாமாவுக்குப் பணம் அனுப்புங்கள்.