போலோன்யாவில் மாவு பிசைய நூறு யூரோ

தாலியாத்தெல்லே என்ற நாடா வடிவப் பாஸ்தா எத்தனை அகலம் இருக்க வேண்டும்? இத்தாலியின் போலோன்யா நகரத்தில் இதற்கு அதிகாரபூர்வமாகவே பதில் உண்டு. 1972 ஏப்ரல் 16 அன்று இத்தாலியச் சமையல் அகாதமி அந்நகர வணிகச் சபையில் போய்ப் பதிவு செய்தது: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்று கணக்கும் சொன்னார்கள். தங்கத்தில் செய்த மாதிரித் துண்டு ஒன்றும் அந்தச் சபையில் இருக்கிறது. அதே ஊரில் ஏதாவது ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போனால், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் மாவுத் தாளைச் சுருட்டி வைத்து, பெரிய கத்தியால் மளமளவென்று நறுக்கித் தள்ளிக்கொண்டிருப்பார். அளவுகோல் வைத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டால் சிரிப்பார்.

அந்த அம்மாளின் பக்கத்தில் நின்று மாவு பிசையத்தான் இப்போது உலகமே வரிசையில் நிற்கிறது. இத்தாலிக்குப் போகிற பயணிகள் அருங்காட்சியகச் சீட்டு எடுக்கிற மாதிரி 'வீட்டுச் சமையல் வகுப்பு'க்கும் முன்பதிவு செய்கிறார்கள். நான்கைந்து பேர், மிஞ்சிப்போனால் எட்டுப் பேர். காலை பத்து மணி வாக்கில் ஒரு அடுக்ககத்தின் வாசலில் மணியை அழுத்த வேண்டும். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, காபி கொடுத்து, ஏப்ரனைக் கட்டிவிடுவார். மூன்று நான்கு மணி நேரத்தில் இரண்டு வகைப் பாஸ்தாவும் ஒரு இனிப்பும் செய்து, செய்ததையே மதியச் சாப்பாடாக ஒயினோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இனிப்பு பெரும்பாலும் திராமிசுவாக இருக்கும். அது வெனெத்தோ பக்கத்துப் பண்டம், போலோன்யாவுக்குச் சொந்தமில்லை. வருகிறவர்கள் கேட்கிறார்கள், இவர்களும் செய்து கொடுக்கிறார்கள். ஓர் ஆளுக்குக் கட்டணம் நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம்.

இந்த வழக்கத்துக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்ததும் போலோன்யாவில்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் எகேரியா தி நல்லோ 2004-இல் 'லே செசரீனே' என்ற வீட்டுச் சமையற்காரர்களின் வலையமைப்பைத் தொடங்கினார். வீடுகளில் வாய்வழியாக மட்டும் இருக்கிற சமையல் காணாமல் போய்விடக் கூடாது என்பது நோக்கம். இன்று அது இத்தாலி முழுக்கப் பரவியிருக்கிறது. அதைப் பார்த்துத் தனியாகத் தொடங்கியவர்களும் ஏராளம். வீட்டில் காசு வாங்கிக்கொண்டு சோறு போடலாமா என்று உணவகக்காரர்கள் முணுமுணுத்ததும் உண்டு. 2017 ஜனவரியில் இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது: ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 500 விருந்தினர், 5,000 யூரோ வருமானம் என உச்சவரம்பு. செனட்டில் அது சட்டமாகாமல் நின்றுபோனது.

சரி, அந்தச் சமையலறையில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

செய்முறை ஒரு வரியில் முடிந்துவிடும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. அவ்வளவுதான். தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, பல வீடுகளில் உப்பும் இல்லை. மாவு '00' என்று அவர்கள் தரம் பிரிக்கிற மெல்லிய கோதுமை மாவு. பார்வைக்கு நம் மைதா போலத்தான் இருக்கும். மரப்பலகையில் மாவைக் குவித்து நடுவில் குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி, முள்கரண்டியால் அடித்தபடியே ஓரத்து மாவை உள்ளே இழுக்க வேண்டும். முதல் தடவை செய்கிறவருக்குக் கரை உடைந்து முட்டை பலகையெல்லாம் ஓடும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் பிசைய வேண்டும். இங்கேதான் வகுப்பின் உயிர் இருக்கிறது. விரல்களால் கிள்ளிப் பிசைகிறவரின் கையைப் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளு என்று அந்த அம்மாள் திருத்துவார். மழை நாளில் மாவு ஈரம் இழுத்திருக்கும், முட்டை ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். இன்னும் ஒரு கைப்பிடி மாவு வேண்டுமா, போதுமா என்பதை எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. அவர் மாவை ஒரு முறை அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பிசைந்ததை மூடி அரை மணி நேரம் வைக்கிறார்கள். பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை ஊறப் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். பிசையும்போது இறுகிப்போன குளூட்டன் என்ற மாவுப் புரதம் தளர வேண்டும், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிக்கொண்டே வரும். அதற்குப் பிறகு வருவது மத்தரெல்லோ. கைப்பிடி இல்லாத, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மர உருளை. மாவின் ஒரு பகுதி பலகை விளிம்பைத் தாண்டித் தொங்க, அதன் கனத்திலேயே அது நீள, மறுபகுதியை உருளையில் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். கிடைக்கிற பெரிய வட்டத் தாளுக்கு ஸ்ஃபோலியா என்று பெயர், தேய்க்கிற பெண்ணுக்கு ஸ்ஃபோலீனா. ஊரை ஒட்டிய குன்றின் மேல் சான் லூக்கா தேவாலயம் இருக்கிறது. தாளைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது போலோன்யாக்காரர்கள் சொல்லும் பதம். இயந்திரத்தில் கொடுத்து எடுத்தால் வழவழவென்று ஆகிவிடும், மாவு மரத்தோடு உரசினால்தான் சொரசொரப்பு வரும், அதில்தான் குழம்பு ஒட்டும் என்பார்கள். தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

தோர்தெல்லினி என்ற பூரணம் வைத்த பாஸ்தா வேறு மாதிரிச் சோதனை. சின்னச் சதுரமாக வெட்டிய மாவில் சுண்டைக்காய் அளவுகூட இல்லாத பூரணம். முக்கோணமாக மடித்து, விரலைச் சுற்றி வளைத்து ஒட்ட வேண்டும். பன்றி இறைச்சி, அதையே பதப்படுத்திச் செய்யும் புரொஷுத்தோ, மொர்தாதெல்லா, பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய் சேர்ந்த அந்தப் பூரணமும் 1974-இல் பதிவாகிவிட்டது. தோர்தெல்லினியை இறைச்சிச் சாற்றில் போட்டுத்தான் சாப்பிடுவார்கள். வீட்டுக்காரர் பத்து மடிப்பதற்குள் நமக்கு இரண்டு வரும், அதில் ஒன்று கொதிக்கும்போது பிரிந்துவிடும்.

ரகூ என்ற இறைச்சிக் குழம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விழிப்பாக இருக்கச் சொல்வேன். வெங்காயம், கேரட், செலரி வதக்கி, மாட்டிறைச்சியும் பன்சேத்தா என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சியும் சேர்த்து, ஒயினும் தக்காளியும் ஊற்றிச் சிறு தீயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்க வேண்டிய பண்டம் அது. 1982-இல் பதிவு செய்த செய்முறையை 2023-இல் திருத்தியும் பதிந்தார்கள். மூன்று மணி நேர வகுப்பில் இதற்கு இடமே இல்லை. அதனால் முதல் நாளே செய்து வைத்ததைச் சூடாக்கி ஊற்றுகிறவர்கள் அதிகம். தப்பில்லை, ஆனால் 'ரகூ கற்றுத் தருகிறோம்' என்று விளம்பரத்தில் போடுவது சரியில்லை. உலகமெல்லாம் உணவகப் பட்டியலில் இருக்கும் 'ஸ்பகெட்டி போலோனீஸ்' போலோன்யாவின் மரபில் கிடையாது. அங்கே ரகூவுக்குத் தாலியாத்தெல்லேதான் ஜோடி.

சைவ வாசகர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் இல்லை. பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள், அதன் விதிமுறையே அப்படி. 'இறைச்சி இல்லாதது' என்று அவர்கள் நல்லெண்ணத்தோடு வைக்கும், ரிக்கோத்தா சீஸ் பூரணம் வைத்த தோர்தெல்லோனி பாஸ்தாவிலும் அது இருக்கும், ஜெனோவாவின் பெஸ்தோ என்ற துளசித் துவையலிலும் இருக்கும். முட்டையும் சாப்பிடாதவர்கள் போலோன்யாவை விட்டுவிட்டுத் தெற்கே புல்யா மாநிலத்துக்குப் போவது நல்லது. பாரி நகரத்தின் பழைய தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலிலேயே மேசை போட்டு, துரும் கோதுமை ரவையையும் தண்ணீரையும் மட்டும் பிசைந்து, கத்தி முனையால் இழுத்து ஒரெக்கியேத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவைச் செய்துகொண்டிருப்பார்கள். அங்கும் கீரைக் குழம்பில் நெத்திலி சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வகுப்புகளை விற்பவர்கள் எல்லாருமே 'நொன்னா' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நொன்னா என்றால் பாட்டி. சுவரொட்டியிலும் பாட்டி, சீட்டிலும் பாட்டி. உண்மை நிலவரம் கொஞ்சம் வேறு. போருக்குப் பிந்தைய இத்தாலியில் பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகத் தொடங்கியதும், தினமும் மாவு தேய்க்கிற வேலை ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் ஒதுங்கியது. சாதாரண நாளில் அங்கேயும் கடையில் வாங்கிய பாஸ்தா பாக்கெட்டைத்தான் பிரிக்கிறார்கள். மகளும் பேத்தியும் நேரமில்லை என்று விட்ட உருளையை அமெரிக்கரும் ஜப்பானியரும் நம்மவர்களும் காசு கொடுத்துக் கையில் எடுக்கிறார்கள். இதைப் போலி என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயன்படுத்த ஒரு காரணமும் இல்லாத கைத்தொழில் பிழைக்காது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு பெண்ணுக்கு, ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாமல் செய்த வேலைக்குக் கடைசியில் கூலி கிடைக்கிறது என்றால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கூலிக் கணக்கில் இத்தாலிக்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. போலோன்யாவுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோர்லிம்பொபோலியில் பிறந்த பெல்லெக்ரீனோ அர்த்தூசி ஒரு வணிகர். 1891-இல், எழுபது வயதுக்கு மேல், சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். நாடெங்கும் இருந்து குடும்பப் பெண்கள் கடிதத்தில் செய்முறைகளை எழுதி அனுப்ப, பதிப்புக்குப் பதிப்பு அது பெருத்து 790 செய்முறைகளில் நின்றது. செய்து பார்த்துச் சரி சொன்னவர்கள் அவர் வீட்டுச் சமையற்காரர்களான மரியெத்தா சபாத்தீனியும் ஃபிரான்செஸ்கோ ருஃபீல்லியும். 1911-இல் இறந்த அர்த்தூசி, நூலின் உரிமையை அந்த இருவருக்கும் எழுதி வைத்துவிட்டார். 2007-இல் அவர் பிறந்த ஊரில் திறந்த 'காசா அர்த்தூசி'யில் இன்று மாவு தேய்க்கக் கற்றுத் தரும் பெண்களுக்கு 'மரியெத்தேக்கள்' என்றுதான் பெயர். வீட்டுச் சூழல் வேண்டாம், தொழில் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது நல்ல இடம்.

2025 டிசம்பரில் இத்தாலியச் சமையலை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூட்டம் நடந்தது டெல்லி செங்கோட்டையில். நம் தீபாவளி சேர்ந்ததும் அதே கூட்டத்தில்தான். இனி இந்த வகுப்புகள் இன்னும் பெருகும், கட்டணமும் ஏறும். இருபது முப்பது பேரைக் கூடத்தில் உட்கார வைத்து, ஒருவர் மேடையில் செய்து காட்ட, மற்றவர்கள் கைபேசியில் படம் பிடிக்கிற வகுப்புகளும் 'பாட்டி வீடு' என்ற பெயரிலேயே வரும். பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொருவருக்கும் தனிப் பலகையும் தனி உருளையும் உண்டா? உண்டு என்றால் தயங்காமல் போங்கள். இல்லை என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல உணவகத்தில் இரண்டு பேர் வயிறாரத் தாலியாத்தெல்லே சாப்பிட்டுவிட்டு வரலாம்.