முக்கோணத்தில் தெரியாத கோணம்: 180-ல் இருந்து கழித்தால் மட்டும் போதுமா?

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி. இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம். “இதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?” என்று கேட்கத் தோன்றும். ஆனால், தேர்வில் மதிப்பெண் கைநழுவிப் போகிற இடமும் இதுதான். 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவை அளந்தவர்கள் நம்பியிருந்த கணக்கும் இதுதான்.

180 எங்கிருந்து வருகிறது?

ஒரு தாளில் முக்கோணம் வெட்டி, மூன்று முனைகளையும் கிழித்து, ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோட்டில் உட்கார்ந்துவிடும். நேர்க்கோட்டின் கோணம் 180 டிகிரி. கண்ணுக்கு இது போதும், கணிதத்துக்குப் போதாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்தால், கீழே உள்ள இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்துவிடும். அவ்வளவுதான் நிரூபணம். இணைகோடு இல்லாவிட்டால் இந்த விதியே நிற்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வினாத்தாளில் கோணங்களை x, 2x, 3x என்று கொடுத்தால் 6x = 180; எனவே 30, 60, 90. வெளிக்கோணம் 120, உள்ளெதிர்க் கோணம் ஒன்று 50 என்றால், மற்றொன்று 70. இங்கே 180-ஐத் தேடிப் போகவே வேண்டாம். வெளிக்கோணம் என்பது இரண்டு உள்ளெதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை.

இரண்டு விடை வரும் கணக்கு

“இருசமபக்க முக்கோணத்தில் ஒரு கோணம் 40 டிகிரி. மற்றவை என்ன?” பெரும்பாலும் சட்டென்று வரும் பதில், 70, 70. தப்பில்லை, ஆனால் பாதி விடை. 40 என்பது உச்சிக்கோணமாக இருந்தால்தான் அது சரி. அடிக்கோணமாக இருந்தால் 40, 40, 100. கேள்வியில் எந்தக் கோணம் என்று சொல்லாதபோது இரண்டையும் எழுத வேண்டும். அதே கேள்வியில் 40-க்குப் பதில் 100 இருந்தால் ஒரே விடைதான். இரண்டு 100 ஒரே முக்கோணத்துக்குள் அடங்காதே! படத்தைப் பார்த்து ‘சமமாகத்தான் தெரியுது’ என்று முடிவு கட்டுவது இன்னொரு பொறி. பக்கங்களில் சமக் குறி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணம்

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கி.மீ. நீளம் அளந்து முடிக்கவே வாரக்கணக்கில் ஆனது. ஆனால், அதன் பிறகு ஒவ்வொரு ஊருக்கும் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. கோட்டின் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் போதும்.

உதாரணமாக, 12 கி.மீ. கோட்டின் முனைகளில் 62, 71 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குன்றில் 47 டிகிரி. சைன் விதிப்படி, 62 டிகிரி எடுத்த முனையிலிருந்து குன்று சுமார் 15.5 கி.மீ., மற்ற முனையிலிருந்து சுமார் 14.5 கி.மீ. தூரம். அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே சங்கிலித் தொடராக இமயமலை வரை போனார்கள்.

மூன்றாவது கோணம் கழித்தாலே கிடைக்கும்போது, குன்றின் மேல் ஏறி அதையும் ஏன் அளக்க வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கழித்தால் கூட்டுத்தொகை எப்போதும் 180தான் வரும். முதல் இரண்டில் பிழை இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. மூன்றையும் அளந்து கூட்டினால்தான் பிழை வெளியே வரும். ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை பிசகினால், 50 கி.மீ. தள்ளி உள்ள இடம் சுமார் 14.5 மீட்டர் விலகிவிடும்.

அதற்காகவே சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கோபுரங்களில்கூட ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்துபோனது. லாம்டனே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

அப்படியும் 180 வராது

மிகத் துல்லியமாக அளந்தாலும் பெரிய முக்கோணங்களில் 180-க்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பூமி உருண்டை, அதன் மேற்பரப்பில் நம் இணைகோட்டு நிரூபணம் செல்லாது. ஏறக்குறைய 197 சதுர கி.மீ. பரப்புக்கு ஒரு விகலை, அதாவது டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு, கூடும். ஒவ்வொரு பக்கமும் 50 கி.மீ. என்றால் மிகுதி சுமார் 5.5 விகலை. நில அளவையாளர்கள் முதலில் இந்த மிகுதியைக் கழித்துவிட்டு, மீதி வித்தியாசத்தைத்தான் பிழை என்று எடுத்துக்கொள்வார்கள். வட துருவத்திலிருந்து 90 டிகிரி இடைவெளியில் இரண்டு தீர்க்கரேகைகளைப் பூமத்திய ரேகை வரை இறக்கினால் கிடைப்பதும் முக்கோணம்தான். அதன் மூன்று கோணங்களும் செங்கோணம், கூட்டுத்தொகை 270.