தோட்டப் பள்ளிச் சட்டம் எதற்காக எழுதப்பட்டது?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகளுக்கு உதவ முன்வரும் நன்கொடையாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, கட்டடத்துக்கு நாங்கள் கொடுக்கிறோம், நிலம் யாருடையது?" நியாயமான கேள்வி. நம் நாட்டில் தோட்டப் பள்ளிகள் பல தோட்ட நிர்வாகத்தின் நிலத்திலேயே எழுந்தவை. அரசின் பகுதி உதவியை மட்டும் பெறும் பள்ளிகளாக அவற்றுள் பல நின்றுபோனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதன் வேர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் உரிய சட்டம் அது. ஒரே இனத்தைச் சேர்ந்த, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் முதலாளி தம் செலவில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி எழுதினார்கள்?

சட்டத்தின் நோக்கத்தைத் தேடுகிறவர் முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். சட்டம் முந்தியது, மலைத் தோட்டம் பிந்தியது. ஆகவே அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது ரப்பர்க் காடு, தேயிலை அல்ல.

அடுத்து, அக்கம்பக்கத்துச் சட்டங்கள். 1922இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. தான் அனுமதித்த நாடுகளுக்கு மட்டுமே கூலித் தொழிலாளர் செல்லலாம் என்றது. தமிழ்த் தொழிலாளர் இல்லாமல் மலாயாத் தோட்டங்கள் நடவா. மறு ஆண்டே இங்கே தொகுப்பு வந்தது. பெண்டு பிள்ளைகளோடு வந்தவர் தோட்டம் விட்டுத் தோட்டம் ஓடமாட்டார் என்ற கணக்கும் துரைமார்களுக்கு இருந்தது.

மூன்றாவது, சட்டம் எந்த ஏட்டில் இருக்கிறது என்பது. பள்ளி விதி கல்விச் சட்டத்தில் இல்லை. லயன் வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி இவற்றோடு தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது! பள்ளிக்கூடம் தோட்டத்துச் சௌகரியங்களுள் ஒன்றாகவே கருதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சௌகரியத்துக்கு யார் தனி நிலம் பிரித்துக் கொடுப்பார்? 1938இல் இந்தியா உதவிபெற்ற குடிபெயர்வை நிறுத்தியது. ஆள் வரவு நின்றது. பள்ளி நின்ற இடத்திலேயே நின்றது.

இன்றைய சட்டங்களுக்கு இவ்வளவு ஊகம் தேவையில்லை. மசோதாவின் இறுதியில் விளக்கக் குறிப்பு இருக்கும். இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் பேசியது நாடாளுமன்ற அறிக்கையில் அச்சாகியிருக்கும். நிலம் மாநில அதிகாரம் ஆதலால் குவாந்தானில் கூடும் பகாங் சட்டமன்றத்தின் அறிக்கைகளையும் புரட்ட வேண்டும். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1992இல் பெப்பர் எதிர் ஹார்ட் வழக்கில், சட்டத்தின் சொல் தெளிவில்லாதபோது அமைச்சரின் பேச்சைப் பார்க்கலாம் என்று இசைந்தது. சட்டத்தின் நோக்கத்தை வளர்க்கும் பொருளையே கொள்ள வேண்டும் என்று நம் பொருள்கோள் சட்டத்தில் 1997இல் 17ஏ பிரிவு சேர்ந்தது. ஆனால் சொல் தெளிவாக இருக்கும் இடத்தில் அமைச்சரின் பேச்சு அதை மாற்றிவிடாது. சபையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நோக்கம் இருந்தது என்பதும் என்னைப் பொறுத்தவரை நம்பக்கூடியதன்று.

எனவே கேமரன் மலையில் கட்டடப் பணிக்குக் கொடுக்கும் அன்பர்கள் தானா ராத்தா நில அலுவலகத்தில் அந்த மனையின் பட்டா யார் பெயரில் உள்ளது என்று முதலில் பார்த்துவிடுங்கள். தோட்டத்தின் பெயரில் இருந்தால், அடிக்கல் நாட்டுமுன் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, ஒரு நகலைப் பள்ளி வாரியத்திடமும் கொடுத்து வையுங்கள்.