பட்டம் பெற்ற கைகள் பகிரும் கைகளாகட்டும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8ஆம் திகதி எமது பல்கலைக்கழகங்களிலும் பெண்கள் தினம் கொண்டாடப்படுகிறது. மங்கல விளக்கேற்றுவார்கள், உரையாற்றுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. உழைத்த பெண்ணை நாலு பேர் முன்னிலையில் கௌரவிப்பது நல்ல காரியமே. ஆயினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கற்பித்தும் வருபவள் என்ற வகையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்தப் பெண்ணை நாம் தலைவி என்கிறோம்? இதைப்பற்றி உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

பதவியும் பணியும்

1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய எமது நிறுவனத்துக்கு முதலாவது பெண் துணைவேந்தர் கிடைத்தது 2011இல்தான். உயிர் இரசாயனவியல் பேராசிரியை வசந்தி அரசரட்ணம் அப்பதவியை 2017 வரை வகித்தார். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. முகாம் வாழ்க்கையைக் கண்ட பிள்ளைகள் விரிவுரை மண்டபங்களில் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருப்பதைப் பார்ப்பது அந்தப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு.

ஆனால் நாற்காலி இல்லாமலும் வழிநடத்தலாம் என்பதற்கு எம்மிடையே முன்னுதாரணங்கள் உண்டு. வைத்திய கலாநிதி ராஜினி திரணகம இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்து, 1986இல் யாழ்ப்பாணம் திரும்பி, மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவரானார். வெளிநாட்டிலேயே வசதியாக இருந்திருக்கலாம். அவரோ திரும்பி வந்து வகுப்பறையில் கற்பித்ததோடு நில்லாமல், போரால் பாதிக்கப்பட்ட பெண்கள் தங்குவதற்கான பூரணி இல்லத்தை உருவாக்குவதிலும் முன்னின்றார். பெண்கள் பட்ட துயரங்களை அவர்களிடமே கேட்டு எழுதினார். சக விரிவுரையாளர் மூவருடன் சேர்ந்து அவர் எழுதிய 'முறிந்த பனை' நூலில் அந்தக் குரல்கள் பதிவாகியுள்ளன. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 35 வயது. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய்.

கிழக்கிலும் இத்தகைய பெண்கள் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியையாக இருந்த சித்திரலேகா மௌனகுரு, மட்டக்களப்பில் இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தை உருவாக்கிய பெண்களுள் ஒருவர். இடம்பெயர்ந்த பெண்களின் தேவையிலிருந்து பிறந்த அமைப்பு அது. படித்த படிப்பைப் பல்கலைக்கழக மதிலுக்கு உள்ளேயே வைத்திருக்காமல், வெளியே நிற்கும் பெண்ணிடம் கொண்டுபோனவர்கள் இவர்கள்.

சமையலறையிலிருந்து வந்த செய்தி

பெரியவர்கள் செய்ததைச் சொன்னேன். இனி என் கண்ணால் கண்டது ஒன்று.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 90 வீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. அந்நாட்களில் மாணவிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் என்னைத் தேடி வந்தார். போரில் கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"மிஸ், அந்த முல்லைத்தீவுப் பிள்ளை நாலு நாளா இராச்சாப்பாடு எடுக்கேல்லை. கேட்டா வயிறு சரியில்லை எண்டுது. எனக்கெண்டா அது பசி மாதிரித்தான் கிடக்கு. படிப்பை விட்டிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகப்போறன் எண்டு மற்றப் பிள்ளையளிட்டச் சொன்னதாம்" என்றார்.

அந்தப் பிள்ளையை அழைத்துப் பேசினேன். தகப்பன் இல்லை. தாய் இடியப்பம் அவித்து விற்பவர். மாவும் விறகும் விலையேறி, வியாபாரம் படுத்துவிட்டது. வீட்டில் தம்பி ஒருவன் பள்ளிக்கூடம் போகவேண்டும். "அம்மாவிட்டக் காசு கேக்க மனம் வரேல்லை மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் பெண் விரிவுரையாளர்கள் ஏழு பேர், சம்பளத்தில் மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபா போடத் தொடங்கினோம். மேடையில் கொடுப்பதில்லை, படம் எடுப்பதில்லை, பெயரை வெளியில் சொல்வதில்லை என்று முதல் நாளே தீர்மானித்தோம். உதவி வாங்குவதை வெட்கமாக நினைத்தால், பிள்ளை பட்டினி கிடப்பாளே தவிர வாய் திறக்கமாட்டாள். நாங்கள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: எங்களிடம் திருப்பித் தரவேண்டாம். வேலை கிடைத்த பின் இன்னொரு பிள்ளைக்குக் கொடு.

அவள் படிப்பை முடித்து, இன்று ஒரு பாடசாலையில் ஆசிரியை. மாதம் இரண்டாயிரம் ரூபா தவறாமல் அனுப்புகிறாள். அந்தப் பணத்தில் இப்போது இன்னொரு மாணவி படிக்கிறாள். கணக்குப் புத்தகத்தை எழுதுவது நான். ஆனால் இந்தக் காரியத்துக்குத் தலைவி யார் என்று என்னைக் கேட்டால், ஒரு பிள்ளையின் சோற்றுக் கோப்பை வராததைக் கவனித்த அந்த அக்காதான் என்பேன்.

உங்கள் மகள் தெரிவானால்

உயர்தரத்தில் சித்தியடைந்து மகளுக்கு அனுமதி கிடைத்த பின்னரும், "எங்கட நிலைமைக்கு இது சரிவராது" என்று அவளை மறிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. சில விடயங்களைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயம் குறையலாம்.

அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டப் படிப்புக்கு அனுமதி பெற்றவர்கள் கற்பித்தற் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காத வறிய மாணவருக்கு உதவுதொகையும் உண்டு. இவற்றுக்குக் குடும்ப வருமானம் பார்க்கப்படுவதால், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் போன்ற ஆவணங்களை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வையுங்கள். முதற் கொடுப்பனவு கைக்கு வரச் சில மாதங்கள் செல்லலாம். பல பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். ஆகவே தொடக்கத்திலேயே மாணவர் நலச்சேவைப் பகுதியிலோ, மாணவ ஆலோசகரிடமோ நிலைமையைச் சொல்லும்படி மகளிடம் கூறுங்கள். பகிடிவதைக்குப் பயப்படுகிறவர்கள், அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதை நினைவில் வைத்திருங்கள். முறையிடுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

பட்டம் பெற்று உத்தியோகத்தில் இருக்கும் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். நாங்கள் படித்த படிப்புக்கு இந்த நாட்டின் ஏழைத் தாயும் பங்களித்திருக்கிறாள். அவள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலும் அது இருக்கிறது. பெரிய நிதியம் அமைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடப் படித்த மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு கணக்குப் புத்தகமும், இரகசியம் காக்கும் மனமும் போதும்.

கணவனை இழந்தும், கால் இழந்தும், காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருந்தும் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகளே, உங்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கமாட்டீர்கள். ஆனாலும் அங்கு படிக்கும் ஒவ்வொரு மகளும் உங்கள் உழைப்பில்தான் நிற்கிறாள். அவளை அனுப்பிவையுங்கள். அவளுக்குப் பசித்தால் கேட்கத் துணைக்கு ஆள் உண்டு என்று சொல்லி அனுப்புங்கள்.